கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றியவள்

பீளமேட்டில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்குச் சுவர்கள் மெல்லியவை. விடிகிற நேரத்தில் பாதித் தூக்கத்தில் கிடக்கும்போது இந்தப் பக்கச் சுவர் தெலுங்கு பேசும், அந்தப் பக்கச் சுவர் மலையாளம் பேசும். கடைசி வீட்டில் ஒரு கன்னடக் குடும்பம். அவர்கள் வீட்டுக் குழந்தைகள் எந்த மொழியில் அழுகின்றன என்று நான் படுத்தபடியே கண்டுபிடிக்கப் பார்ப்பேன். முன்வாசலில் வீட்டுக்கார அம்மா சாணி தெளித்துக்கொண்டே யாரையோ "ஏனுங்க" என்று கூப்பிடுவார். மில் சங்கு ஊதும். எனக்குக் கண்ணைத் திறக்க மனம் வராது. திறந்தால் எந்த ஊரில் இருக்கிறேன் என்று தெரிந்துவிடும். அதைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடுவதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்து, மண்டபம் முகாமில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தோம். என் கணவருக்கு இங்கே பம்ப் செட் செய்கிற பட்டறை ஒன்றில் லேத் வேலை கிடைத்ததும் நாங்கள் இருவரும் கோயம்புத்தூருக்கு வந்துவிட்டோம். அம்மா வர மறுத்துவிட்டாள். கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஊர் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறதாம். எனக்கு அது வெறும் பிடிவாதமாகப் பட்டது. எனக்கும் பிடிவாதம் உண்டு. அது யாரிடமிருந்து வந்தது என்று வெளியே போய் விசாரிக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. இலங்கை என்று சொன்னால் வீடு கிடைக்காத காலம். ஏழெட்டு வாசல்களில் கையைப் பிசைந்துகொண்டு நின்றுவிட்டுக் கடைசியாக இந்த வீட்டுக்கு வந்தோம். வீட்டுக்கார அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். சூலூர்ப் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பம். அவருக்கு என் அம்மாவை விட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கலாம், ஆனால் எல்லோருக்கும் அவர் அக்காதான்.

"சண்டை சச்சரவு இல்லாம இருப்பீங்களா?" என்று கேட்டார்.

"இருப்பமுங்க" என்று என் கணவர் சொன்னார். பட்டறையில் கற்றுக்கொண்ட முதல் 'ங்க' அது.

"அப்பச் சரிங்க. சாமான எடுத்துட்டு வாங்க."

அந்த மரியாதைதான் எனக்கு முதல் ஆறு மாதம் பெரிய இம்சையாக இருந்தது. வாங்க, போங்க, சொல்லுங்க, இல்லீங்க. குழாயடியில் வரிசை தப்பி நின்றதற்காக என்னைத் திட்டியவர்கள் கூட மரியாதையாகத்தான் திட்டினார்கள். யார் அன்பாகப் பேசுகிறார்கள், யார் தள்ளி நில் என்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடம் ஆன பிறகும் நான் சிலோன்கார அம்மணிதான். பால்காரர் வந்தால், "சிலோன்காரங்க ஊட்டுக்கு அரை லிட்டருங்க" என்று யாராவது எடுத்துக்கொடுப்பார்கள். உதவிதான் அது. எனக்கு முகம் கடுகடுவென்று ஆகிவிடும். எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள்தானே, தெலுங்கு பேசுகிற பக்கத்து வீட்டு அக்காவை மட்டும் ஏன் ஆந்திராக்காரம்மா என்று கூப்பிடுவதில்லை என்று ஒருநாள் கணவரிடம் சண்டைக்குப் போனேன். அவர்கள் வந்து நானூறு, ஐந்நூறு வருடம் ஆகியிருக்கும், நீயும் அவ்வளவு காலம் பொறுத்துப் பார் என்றார். அன்றைக்கு அவருக்கு ராத்திரிச் சோறு கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைத்தது.

ஆனால் அந்த ஊர் என்னைக் கேட்காமலேயே எனக்குள் வந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற காற்று மாலை ஐந்து மணிக்கு மேல் முற்றத்துத் துணிகளை எல்லாம் ஒரே திசைக்குத் திருப்பிவிடும். மில்லிலிருந்து ஷிப்ட் முடிந்து வருகிற பெண்களின் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். அவர்கள் நடந்து போன பிறகும் அந்தப் பஞ்சு இறங்காமல் வெயிலில் மிதந்துகொண்டே இருக்கும். நான் அரிசி களைந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். சிறுவாணித் தண்ணீரின் ருசி நாக்குக்குப் பழகிவிட்டது. மலையாள வீட்டில் புட்டு அவிக்கிற நாளில் அந்த ஆவி சுவர் தாண்டி வரும். ஒரு நிமிடம் எங்கள் வீட்டு அடுப்படியில் அம்மா நிற்பது மாதிரியே இருக்கும், பிறகு நின்றிருப்பது நான்தான் என்று தெரியும்.

நான்காவது பங்குனியில் மாரியம்மன் கோயிலில் நோம்பி சாட்டினார்கள். கொங்குப் பக்கம் திருவிழாவுக்கு நோம்பி என்று பெயர். சாட்டுவது என்றால் ஊருக்கு அறிவித்துக் காப்புக் கட்டுவது. அதன் பிறகு மூன்று கிளையுள்ள ஒரு மரக்கொம்பை வெட்டி வந்து அம்மன் சன்னதிக்கு எதிரே நடுவார்கள். அதுதான் கம்பம். அம்மனுக்குப் புருஷன் மாதிரி என்று பக்கத்து வீட்டு அக்கா எனக்குச் சொல்லியிருந்தாள். நட்ட மறுநாளிலிருந்து, கம்பத்தை எடுக்கிற நாள் வரைக்கும், பெண்கள் காலையில் குளித்து ஈரத்துணியோடு போய் அதற்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். முந்தைய வருடங்களில் அவர்கள் குடத்தோடு போவதைக் கதவிடுக்கில் பார்த்திருக்கிறேன். யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. வரவேண்டாம் என்று சொன்னதும் இல்லை.

அந்த வருடம் எனக்கு என்ன தோன்றியதோ, நானும் விடியற்காலையில் எழுந்து குளித்தேன். எவர்சில்வர் குடத்தில் தண்ணீர் பிடித்து, மஞ்சள் கரைத்து, மேலே ஒரு கொத்து வேப்பிலை போட்டேன். அவர்கள் போன பிறகு பத்தடி பின்னால் நடந்தேன். தெரு முழுக்க ஈரக் காலடிகள். முன்னால் போன பெண்களின் குடங்களிலிருந்து சிந்திய மஞ்சள் தண்ணீர் ஒரு கோடாகப் போய்க்கொண்டே இருந்தது. பனி இன்னும் விலகவில்லை. எனக்கு நடப்பது மாதிரியே இல்லை, யாரோ என்னைத் தூங்கவைத்து நடத்திக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. கம்பத்தடியில் கூட்டம். என் முறை வந்ததும் ஊற்றினேன். அது என் கால் விரல்களுக்கிடையில் ஓடி எல்லோருடைய தண்ணீரோடும் கலந்து போனது.  அம்மன் மேல் அப்படி ஒன்றும் பெரிய பக்தி உள்ளவளில்லை நான். அந்தத் தண்ணீரில் எது என்னுடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாது என்று நினைத்தேன், அதற்குத்தான் அழுகை வந்தது.

திரும்பி வரும்போது வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று ஈரமுந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தார். என் கையிலிருந்த குடத்தைப் பார்த்தார்.

"நாளைக்கும் நேரமே கெளம்பிருங்க அம்மணி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அடுத்த நாலு நாளும் நான் தரையில் நடக்கவில்லை. குழாயடியில் என் குடத்தை யாரோ தாங்களாகவே முன்னால் நகர்த்தி வைத்தார்கள். மாவிளக்குக்கு அரிசி இடிக்க என்னையும் கூப்பிட்டார்கள். பால்காரரிடம் ஒரு குரல், "அந்த அம்மணி ஊட்டுக்குங்க" என்றது. அதைக் கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய் நானே சிரித்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, வீட்டுக்கார அம்மாவின் வீட்டுத் தொலைபேசிக்கு எனக்கு அழைப்பு வந்தது. மண்டபத்தில் ஒரு பூத்திலிருந்து அம்மா பேசினாள். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளைக் கூப்பிடுகிற மாதிரி கத்தினாள்.

"பிள்ளை, லிஸ்டில பேர் வந்திட்டுது. வெள்ளிக்கிழமை விடியக் கப்பல். கப்பலடிக்கு ஒருத்தரையும் விடமாட்டினமாம். ஒருக்கால் வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போ."

திரும்பிப் போக விரும்புகிறவர்களைக் கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அம்மா பெயர் கொடுத்திருந்தது எனக்குத் தெரியும், இவ்வளவு சீக்கிரம் வரும் என்று நினைக்கவில்லை. அங்கே போனவளை மறுபடி எப்போது பார்ப்பேன், பார்ப்பேனா என்று ஒன்றும் தெரியாது. ரிசீவரை வைத்துவிட்டு, நாளைக்கே போய் வெள்ளிக்கிழமை வரை அம்மாவோடு இருந்துவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன். கப்பலைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

அவர் முகம் மாறிவிட்டது.

"தண்ணி ஊத்திப்போட்டீங்களே அம்மணி" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கியவர்கள் கம்பம் எடுக்கிற வரைக்கும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. ஊற்றாதவர்களுக்கு இந்தக் கட்டு இல்லை. தங்கினால் அம்மனுக்குக் கோபம் வரும், வீட்டில் அம்மை போடும். சொந்தத் தம்பியின் பேரன் காதுகுத்துக்கு உடுமலைப்பேட்டை போயிருந்தபோது, பொழுதோடவே, அதாவது சாயங்காலமே, கிளம்பித் திரும்பி வந்துவிட்டவர் அவர்.

"இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேனுங்க. நீங்களா கொடத்த எடுத்துட்டு வந்தீங்க. வேண்டாம்னு எப்படிங்க சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் என் வாயில் யாழ்ப்பாணம்தான் வரும். "என்ர அம்மாவைப் பாக்கப் போக வேண்டாமெண்டு உங்கட அம்மன் சொல்லுதோ? சொன்னால் அது என்ன அம்மன்?" என்று கேட்டேன்.  நான் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு என் வீட்டுக்குள் வந்துவிட்டேன். நான்கு வருடம் யாருக்கும் வேண்டாதவளாக இருந்தேன், அப்போது எங்கே வேண்டுமானாலும் போகலாம். வேண்டியவளானதும் கட்டிப்போட்டுவிட்டார்கள். இந்த நியாயத்தைக் கணவரிடம் சொன்னேன். நீ போ, இதையெல்லாம் பார்க்காதே என்றார். அவருக்கு லீவு கிடைக்காது. அவர் போ என்று சொன்னதும்தான் எனக்குப் பயம் வந்தது. அம்மனுக்கு நான் பயப்படவில்லை. முற்றத்தில் பதினொரு குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்றுக்கு ஒரு கொப்புளம் வந்தாலும் நான் மறுபடி சிலோன்காரிதான். வெளியே ஒருவரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள், அந்த 'ங்க' கூடக் குறையாது. அதை நினைத்துத்தான் பயந்தேன்.

மறுநாள் காலை குழாயடியில் பெரிய ஆலோசனை நடந்தது. நான் ஜன்னலில் நின்று கேட்டேன். ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் போனால் அது தங்கியதாக ஆகுமா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள். போய்க்கிட்டே இருந்தா எப்படிங்க தங்குனதாகும் என்றது ஒரு குரல். தூங்கிட்டா, என்றது இன்னொன்று. உக்காந்துட்டே கண்ணசந்தா ஒண்ணுமில்லீங்க, தலை சாச்சுப் படுத்தாத்தான். மலையாள வீட்டம்மா, எங்கள் ஊரில் மலைக்கு மாலை போட்டவர்களுக்கும் இப்படி ஏதோ உண்டு என்று தன் பங்குக்குச் சொன்னாள். ஊற்றாமல் விடுகிற இரண்டு நாள் தண்ணீரை என்ன செய்வது என்று அடுத்த வழக்கு. எனக்குச் சிரிப்பும் வந்தது, மூக்கும் உறிஞ்ச வேண்டியிருந்தது. இத்தனை பேர் வேலையை விட்டுவிட்டு என் அம்மாவிடம் என்னை எப்படி அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

தீர்ப்பை வீட்டுக்கார அம்மாவே கொண்டுவந்தார். கையில் வாழையிலையில் கட்டிய புளிச்சோறு.

"இன்னைக்குப் பொழுதோட பஸ் ஏறுனீங்கன்னா விடிய அங்க இருப்பீங்க. பகல் பூரா அம்மாகூட இருந்துட்டு, பொழுதோட மறுபடி ஏறிருங்க. உங்க கொடத்தக் குடுங்க, உங்களுக்கும் சேத்து நான் ஊத்திக்கறேன். தலைய மட்டும் சாச்சுப்போடாதீங்க அம்மணி. நீங்க போய்ப்போட்டு வாங்க."

முந்தைய நாள் பேசியதற்கு நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். குடத்தைக் கொடுத்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

மதுரையில் பஸ் மாறி மண்டபம் போனேன். முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தே போனதில் கழுத்து மரத்துவிட்டது. முகாமில் இறங்கியபோது வெளிச்சம் வந்திருந்தது. அம்மாவின் உடைமை எல்லாம் ஒரு உர மூட்டைச் சாக்குக்குள் அடங்கியிருந்தது. அவள் என்னைக் கண்டதும் கன்னத்தைப் பிடித்துப் பார்த்தாள். சாப்பாடு போட்டாள், தேங்காய்ப்பால் சொதியும் ஒரு மீன் துண்டும். விரதம், மீன் வேண்டாம் என்றேன். பக்கத்து அறைக்காரி எட்டிப் பார்த்தபோது நான் என்னையறியாமல் "வாங்க, உக்காருங்க" என்றுவிட்டேன். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "என்ன பிள்ளை, எல்லாருக்கும் ங்க போடுறாய். எனக்கும் போடுவியோ?" என்றாள்.

மத்தியான வெயிலில் முகாம் ஓய்ந்து கிடந்தது. தகரக் கூரையில் காக்கைகள் நடக்கிற சத்தம், அதற்கப்பால் கடல். அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்த களைப்பு என் முகத்தில் தெரிந்திருக்கும். மடியைத் தட்டினாள்.

"இஞ்ச வா. கொஞ்ச நேரம் தலையை வைச்சுப் படு."

என் உடம்பு முழுக்க அந்த மடிக்குச் சாய்ந்தது. அவ்வளவு தூக்கம், அவ்வளவு ஆசை. ஆனால் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"படுக்கக் கூடாதம்மா. எங்கட ஊரில நோம்பி சாட்டியிருக்கு."

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடலுக்கு அந்தப் பக்கம் தான் போகிற ஊரை நான் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"அப்ப உனக்கொரு ஊர் கிடைச்சிட்டுது" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

 பிறகு, "அப்ப நான் படுக்கிறன்" என்று சொல்லிவிட்டு அம்மா என் மடியில் தலையை வைத்தாள். அப்படி அவள் எப்போதும் செய்ததில்லை. தலை பாரமே இல்லை. முடியில் வேப்பெண்ணெய் வாசம். ஒரு நிமிடத்தில் தூங்கிவிட்டாள். வெயில் வாசலிலிருந்து மெதுவாக உள்ளே வந்து, அவள் பாதத்தில் ஏறி, முழங்கால் வரைக்கும் வந்தது. நான் அசையவில்லை. கால் முதலில் வலித்தது, அப்புறம் மரத்துப்போனது, அப்புறம் அது என் காலே இல்லை. தூங்குகிற முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கும் விழிப்பா கனவா என்று பிடிபடவில்லை. பஸ்ஸுக்கு நேரமானபோது நான்தான் அவளை எழுப்பினேன்.

வெள்ளிக்கிழமை விடியும்போது கோயம்புத்தூரில் இறங்கினேன். வீட்டுக்குப் போகவில்லை, நேராகக் கோயிலுக்குப் போனேன். பெண்கள் அப்போதுதான் வந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்கார அம்மா இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு குடத்தோடு வந்தார். கையில் இருந்தது என்னுடையது.

"வந்துட்டீங்களா அம்மணி. அம்மா நல்லா இருக்கறாங்களா? எங்கயும் தலை சாய்க்கலீங்களே?"

"இல்லைங்க அக்கா. அம்மா மடியில படுக்கச் சொல்லிக் கூப்பிட்டா. அதிலகூட நான் சாயலைங்க."

நான் அதைப் பெருமையாகத்தான் சொன்னேன். பரீட்சையில் பாஸானதைச் சொல்கிற மாதிரி சொன்னேன். அவர் நடந்தவர் நின்றுவிட்டார்.

"ஏனுங்க அம்மணி" என்றார். "பெத்தவ மடியில பகல்ல செத்த நேரம் சாஞ்சா, அது தங்குனதாகுமா? அது எந்தக் கணக்குலயும் வராதுங்களே. நாங்கெல்லாம் சாஞ்சிருப்பமுங்க."

நான் அவரையே பார்த்தேன். பின்னால் வந்த பெண்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"சரி, உடுங்க. இன்னைக்குப் பொழுதோடயே மறுபடி ஒருக்கா போய்ப்போட்டு வந்துருங்க. நான் ஊத்திக்கறேன். அம்மா மடியில ஆசை தீரப் படுத்துட்டு வாங்க."

"இந்நேரம் கப்பல் வெளிக்கிட்டிருக்குமுங்க, அக்கா" என்றேன்.

 நான் கையை நீட்டியும் அவர் குடத்தைத் தரவில்லை. அன்றைக்கு எனக்குரிய தண்ணீரையும் அவரே ஊற்றினார்.